மாத்திரைக்கு ஒரு டீ

பஸ் டிப்போ வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் டீ போடுகிறவர் மாஸ்டர். கடை ஓடியது என்னவோ அவர் பெண்டாட்டியின் வாயால்தான். "என் டீக்குப் பாதி பேரு வர்றான், இவ பேச்சுக்குப் பாதி பேரு வர்றான்" என்று மாஸ்டர் பெருந்தன்மையாகச் சொல்லுவார். அந்தக் கணக்கிலும் தன் பக்கம் கொஞ்சம் கூட்டித்தான் வைத்துக்கொண்டார் என்பது டிப்போவில் எல்லாருக்கும் தெரியும்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்பக்கம் பாய்லரும் பால் சட்டியும் வைத்த மேடை, பக்கத்தில் பன்னும் ரொட்டியும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, சுவரோரமாக இரண்டு பெஞ்சு, பின்னால் தடுப்புக்கு அந்தப்புறம் பாத்திரம் கழுவும் தொட்டி. அதற்கும் பின்னால் ஓர் அறை. அதுதான் வீடு. டிப்போவில் வண்டிகளைக் கழுவுகிற தண்ணீரும் டீசல் வாடையும் தெருவுக்கு வரும். மழை பெய்தால் கடை வாசலில் குளம் கட்டும். டிரைவர்களும் கண்டக்டர்களும் மெக்கானிக்குகளும் அந்தக் குளத்தைத் தாண்டிக் குதித்து வந்து டீ குடித்தார்கள்.

வருகிறவர்களின் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியாது. குடிக்கிற டீயை வைத்துத்தான் கூப்பிடுவாள். சர்க்கரை பாதி போதும் என்கிற கண்டக்டர் 'அரைச்சர்க்கரை'. பாலே வேண்டாம் என்கிற மெக்கானிக் 'கறுப்பு'. யார் என்ன சொன்னாலும் அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"அக்கா, டீ இன்னிக்கு ரொம்ப லேட்டாகுதே."

"உங்க பஸ்ஸு என்னிக்காவது நேரத்துக்கு வந்துச்சுன்னா சொல்லுங்க தம்பி, அன்னிக்கு டீயும் நேரத்துக்கு வரும்."

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். மாஸ்டர் சிரிக்க மாட்டார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டால்தான் அவருக்குக் கை ஓடும்.

அவர் டீ விஷயத்தில் கறாரான மனுஷன். தூள் இவ்வளவுதான் கொதிக்க வேண்டும், பால் இந்தப் பதத்துக்கு வற்ற வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கைக்காரன் பாதி குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தால், "ஏன், நல்லா இல்லையா?" என்று கூடவே போவார். ஆனால் பெண்டாட்டி என்ன டீ குடிக்கிறாள் என்று அவர் பார்த்ததில்லை. சட்டியைக் கழுவப் போடும்போது அடியில் எது தங்கியிருக்கிறதோ, அதைத்தான் அவள் குடித்தாள். ஆறி, ஆடை படிந்து, சாயம் ஏறிக் கசந்துபோனது. தொட்டியருகே நின்றபடியே ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. அது அவளுக்குப் பழகிவிட்டது. அவருக்குப் பழகக்கூட இல்லை, கண்ணிலேயே படவில்லை. கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. ஊருக்கெல்லாம் டீ போடுகிற கைக்கு, பக்கத்தில் நிற்கிறவளுக்கு ஒரு கிளாஸ் போட வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்பது மெதுவாகத்தான் வெளியே வந்தது. தண்ணீர் வாளியைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. உள்ளங்கை வெளுத்தது. சோடாப் பெட்டியில் கிடக்கும் ஐஸை உடைத்து வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே இருந்தாள். "ஐஸ் கடிச்சே நம்ம லாபத்தை முழுங்கிடுவா போலிருக்கு" என்று மாஸ்டர் கிண்டல் செய்தார். மாதா மாதம் அவள் உடம்பிலிருந்து போய்க்கொண்டிருந்த ரத்தத்தைப் பற்றி அவள் அவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அதெல்லாம் பொம்பளைங்க சமாசாரம் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள்.

பிறகு வாய் எரிய ஆரம்பித்தது. காரம் தொட முடியவில்லை. நாக்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு புண். மருந்துக்கடையில் ஏதோ களிம்பு வாங்கித் தடவினாள். அது ஆறுகிற மாதிரி இருக்கும், மறுபடி வந்து உட்காரும். ஒருநாள் பால் சட்டியை இறக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் மாஸ்டர் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு அவளைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். வெளியே வரிசை நீளமாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு சொன்னார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. அதான் நாக்கு இப்படி வழுவழுன்னு ஆயிடுச்சு. வாய் எரியிறது, புண்ணு வர்றது எல்லாம் அதனாலதான். இரும்புச் சத்து மாத்திரை தர்றேன். ரத்தம் ஏறிடுச்சுன்னா புண்ணு தானா ஆறிடும்."

அந்தக் கடைசி வாக்கியம் வீட்டுக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. யார் என்ன கேட்டாலும் அதையே மாஸ்டர் எடுத்து நீட்டினார். ரத்தம் ஏறட்டும், புண்ணு தானா ஆறிடும்.

மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் விழுங்கினால் குமட்டியது.

"வாயில துருப்பிடிச்ச ஆணியைப் போட்டு வச்ச மாதிரி இருக்குங்க. என்னால முடியல."

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். முழுங்கு."

"நீங்க ஒண்ணு முழுங்கிப் பாருங்க, தெரியும்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். வெளுத்த முகம், கலங்கிய கண். என்ன தோன்றியதோ, "இரு" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனார். கடை இன்னும் திறக்கவில்லை. புதுத் தூளைப் பிரித்து, வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகப் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டார். மாத்திரைக் கசப்பை அமுக்க வேண்டுமென்றால் சாயம் தூக்கலாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கறந்த பாலில் முதல் கரண்டியை ஊற்றி, சர்க்கரை போட்டு, நாலு தடவை இழுத்து ஆற்றி, நுரையோடு கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் கிளாஸை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"நின்னுக்கிட்டு என்ன, உக்காந்து குடி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அவள் உட்கார்ந்தாள். மாத்திரையை நாக்கில் வைத்து டீயோடு சேர்த்து விழுங்கினாள். குமட்டவில்லை. மிச்ச டீயை அவசரமே இல்லாமல் குடித்து முடித்தாள்.

அன்றிலிருந்து அந்தக் கடையின் முதல் டீ அவளுக்கு என்று ஆகிப்போனது. வாடிக்கைக்காரர்கள் எவ்வளவு அவசரப்பட்டாலும் மாஸ்டர் அசைய மாட்டார். மாத்திரையை ஒரு கையிலும் கிளாஸை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போவார்.

"மாஸ்டர், எங்களுக்கு ஒரு நாளாவது அந்த மாதிரி ஒரு டீ போடுங்களேன்" என்றார் அரைச்சர்க்கரை.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "ரத்தம் கம்மின்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க தம்பி. மாஸ்டர் ஸ்டூல் போட்டுக் குடுப்பாரு."

ரத்தம் ஏறவில்லை. அடுத்த தடவை பார்த்தபோது இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா இல்லையா?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "என் கையால குடுக்கறேன் டாக்டர். ஒரு நாள் தவறினது கிடையாது."

"அப்ப காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போடுங்க."

எதில் போடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு. மாத்திரை இரண்டானபோது அந்த விசேஷ டீயும் இரண்டானது. அதோடு, சத்து சேரட்டும் என்று சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு கிளாஸ் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார் மாஸ்டர்.

இதற்கு நடுவில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதலில் நீளமான கதைகள் போயின. பிறகு கிண்டல் போனது. ஒருநாள் அரைச்சர்க்கரை வேண்டுமென்றே, "டீயில சர்க்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டீங்களா அக்கா?" என்று வம்புக்கு இழுத்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை.

"அக்காவுக்கு என்ன மாஸ்டர்?"

"வாய்ப்புண்ணு. ரத்தம் ஏறட்டும், ஆறிடும்."

பன்னை டீயில் நனைத்துத்தான் அவளால் சாப்பிட முடிந்தது. அதையும் ஒரு பக்கமாகவே மென்றாள். புண் இருந்த இடம் தடித்துப்போய்விட்டது என்று ஒருமுறை சொன்னாள். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும். வெள்ளையும் சிவப்புமாக ஏதோ தெரிந்தது. மாத்திரையை நிறுத்திவிடாதே என்றார்.

விஷயம் உடைந்தது போனில்தான். ஊரின் மறுகோடியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் துணிக்கடையில் வேலை பார்த்தாள். வாரத்தில் பாதி நாள் அம்மாவோடு பேசிவிடுவாள்.

"அம்மா, வாயில என்னத்த வச்சுக்கிட்டுப் பேசற?"

"ஒண்ணும் இல்லடி."

"குழறுதும்மா. எதையோ மென்னுக்கிட்டே பேசற மாதிரி இருக்கு."

"வாயில நாக்குதாண்டி இருக்கு. வேற என்ன இருக்கும்?"

மகள் மறுநாளே வந்தாள். அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"இத எத்தன நாளாப்பா பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"டாக்டர் ரத்தம் ஏறினா..."

"ரத்தம் ஏறல இல்ல? ஏறலன்னா வேற எங்கயாவது காட்டணும்னு தோணலயா?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. மாத்திரை இருக்கிறது, டீ இருக்கிறது, தன் கை இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த முடிவை டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். புற்றுநோய். நாக்கின் ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே இறங்கியிருக்கிறது. நாக்கில் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும்.

"புகையிலை போடுவீங்களா?"

"இல்லைங்க."

"பாக்கு? சிகரெட்?"

"அந்தப் பழக்கமெல்லாம் எங்க கடைக்கு வர்றவங்களுக்குத்தாங்க. எனக்கு டீ மட்டுந்தான்" என்றாள் அவள்.

டிப்போவிலும் எல்லாரும் அதையேதான் பேசினார்கள். நாள் முழுக்கப் புகையிலையை அடக்கிக்கொண்டு திரிகிறவனெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறான், இந்த அக்காவுக்குப் போய் எப்படி என்று. கறுப்பு என்கிற மெக்கானிக் கன்னத்தில் ஒதுக்கியிருந்ததைப் போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்த நாள் மறுபடி ஒதுக்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

ஆபரேஷனுக்கு ரத்தம் போதவில்லை. இவ்வளவு குறைவாக இருந்தால் கத்தி வைக்க முடியாது, கொஞ்சம் ஏற்றிக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நீளமான வார்டு. ஜன்னலோரத்தில் அவளுக்குக் கட்டில் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவரும், சுவருக்கு மேலே துண்டு வானமும் தெரிந்தன. மகள் ராத்திரித் துணைக்கு இருந்தாள். காலையில் மாஸ்டர் வருவார். கையில் பிளாஸ்க் இருக்கும்.

முதல் நாள் காலையில் நர்ஸ் மாத்திரையைக் கட்டிலருகே வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மாஸ்டர் பிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றினார். ஆறிவிடக் கூடாதே என்று வழியெல்லாம் அணைத்துக்கொண்டு வந்த டீ. மாத்திரையைப் பெண்டாட்டியின் உள்ளங்கையில் வைத்து, கிளாஸை நீட்டினார்.

"என்னங்க குடுக்கறீங்க?" நர்ஸ் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"மாத்திரைம்மா."

"அது தெரியுது. எதுல குடுக்கறீங்க?"

"டீயிலதான். வேற எதுலயும் அவளுக்கு எறங்காது."

நர்ஸ் கிட்டே வந்து கிளாஸை வாங்கி மேசையில் வைத்தாள். கோபப்படவில்லை. வெயிலில் வந்தவரிடம் பேசுகிற மாதிரி நிதானமாகத்தான் பேசினாள்.

"ஐயா, இந்த மாத்திரைய டீயில போடவே கூடாது. டீ இந்தச் சத்த உடம்புல சேர விடாது. மாத்திரை உள்ள போயும் பிரயோஜனமில்ல, அப்படியே வெளிய போயிடும். எத்தன நாளா இப்படிக் குடுக்கறீங்க?"

மாஸ்டர் மேசையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். அதில் சாயம் நன்றாக இறங்கியிருந்தது.

"ஆரம்பத்துலேர்ந்து" என்றார்.

"ஒரு மாசமா?"

"இல்லம்மா. ஆரம்பத்துலேர்ந்து."

நர்ஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பெண்டாட்டி குமட்டிக்கொண்டே விழுங்கினாள். மாஸ்டர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கைகழுவும் இடத்தில் டீயைக் கொட்டினார். முழு பிளாஸ்கும் காலியாக வெகுநேரம் ஆனது போல அவருக்கு இருந்தது.

அன்று மத்தியானம் வரை டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்று அவரைப் பிடித்தார்.

"நான் குடுத்த டீயாலதான் இது வந்துச்சா டாக்டர்?"

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. டீயால புற்றுநோய் வராது."

"ரத்தம் கம்மியானதால?"

"ரொம்ப வருஷமா இரும்புச் சத்து கம்மியா இருந்தா வாயோட உள்தோல் மெலிஞ்சு போயிடும். அந்த மாதிரி வாய்ல இந்த நோய் வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடன்னு சொல்றாங்க. அதுக்காக ரத்தம் கம்மியா இருக்கற எல்லாருக்கும் வர்றதில்ல. உங்க சம்சாரத்துக்கு அதனாலதான் வந்துச்சுன்னு நானும் சொல்ல முடியாது, வேற யாரும் சொல்ல முடியாது. நோய் இருந்ததாலயே ரத்தம் இன்னும் கொறஞ்சிருக்கலாம்."

"அப்ப டீக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"நான் அப்படியும் சொல்லல" என்றார் டாக்டரம்மா. பிறகு கொஞ்சம் தயங்கினார். "ரத்தம் ஏறியிருந்துச்சுன்னா, அதுக்கப்புறமும் புண்ணு ஆறலயேன்னு சீக்கிரம் கண்டுபிடிச்சிருப்போம். ரத்தம் ஏறாததால எல்லாரும் ரத்தத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. அது அந்தக் கிளினிக் டாக்டர் மேல தப்பு, உங்க மேல இல்ல. நாக்குல ஆறு வாரமா ஒரு புண்ணு விடாம இருந்தாலே அவரு பாத்திருக்கணும்."

மாஸ்டர் தலையாட்டிவிட்டு வந்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார். இல்லை என்று சொல்லியிருந்தால் மூச்சு விட்டிருப்பார். இரண்டும் இல்லாமல் ஒரு பதிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதை எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடையைத் திறந்தார். திறக்காமல் முடியாது. பால்காரன் ஊற்றிவிட்டுப் போன பாலைக் காய்ச்சினார், தூளைப் போட்டார், ஆற்றினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அரைச்சர்க்கரை ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸைச் சுற்றிப் பார்த்தார்.

"மாஸ்டர், முழுச் சர்க்கரை போட்டுட்டீங்க."

அந்தக் கடையில் அப்படி ஒரு தப்பு நடந்ததே கிடையாது. மாஸ்டர் கிளாஸைத் திருப்பி வாங்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரையை, முதல் டீயை, நர்ஸ் கேட்டதை, டாக்டரம்மா சொன்னதை. பெஞ்சில் இருந்த எல்லாருமே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாம செஞ்சதுதானே மாஸ்டர்" என்றார் அரைச்சர்க்கரை.

"தெரியாமத்தான். தெரியாம செஞ்சா ஏறாத ரத்தம் ஏறிடுமா?"

அரைச்சர்க்கரை அந்தத் தித்திப்பு டீயை முழுசாகக் குடித்தார். மறுநாள் டிப்போவிலிருந்து நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

ஊசி வழியாக இரும்புச் சத்தும், பாட்டில் வழியாக ரத்தமும் அவள் உடம்பில் ஏறின. உதட்டில் லேசாக நிறம் வந்தது. நிறத்தோடு கொஞ்சம் பேச்சும் வந்தது. குழறலான பேச்சுதான், ஆனால் பேச்சு.

"அரைச்சர்க்கரை ரத்தமா ஏறுது?" என்று பாட்டிலைக் காட்டிக் கேட்டாள்.

"அவனோடதுதானோ, வேற யாரோடதோ. எல்லாத்தையும் ஒண்ணாத்தான் வச்சிருப்பாங்க."

"அவரோடதா இருந்தா வம்பு. நாளைக்கு என்னை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கிட்டுப் போறப்ப நான் விசில் அடிச்சு நிறுத்திடுவேன்."

மாஸ்டர் சிரித்தார். கடையில் அவள் பேச்சுக்கு ஒருநாளும் சிரிக்காதவர், இப்போது சத்தமாகவே சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றதும் அவர் முகம் கோணிக்கொண்டு போனது.

மகள் சாமான்கள் வாங்க வெளியே போயிருந்தாள். ஆபரேஷன் மறுநாள் காலை. எவ்வளவு நாக்கு எடுப்பார்கள், மிச்சத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு பேச முடியும் என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். பழகப் பழகப் பேச்சு வரும், ஆனால் பழைய மாதிரி இருக்காது. இதை அவளுக்கு எதிரிலேயேதான் சொன்னார்கள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் மாஸ்டர்.

"சொல்லுங்க."

"மாத்திரைய நான் டீயில குடுத்தேன்ல. அது தப்பு. டீயில குடுத்ததாலதான் ரத்தம் ஏறவே இல்ல. அன்னிக்கு நர்ஸம்மா சொன்னப்ப நீ கேட்டிருப்ப. நான்தான் அதப்பத்தி உங்கிட்டப் பேசாம ஒளிஞ்சுக்கிட்டுத் திரியறேன்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸம்மா சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கிளினிக்குல மாத்திரை குடுக்கற பொண்ணு முத நாளே சொல்லுச்சு. டீ, காபியோட போடாதீங்க அக்கான்னு. நீங்க அப்ப வெளிய நின்னுக்கிட்டு இருந்தீங்க."

மாஸ்டர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு நாளாகத் தன் தலையில் சுமந்ததை இவள் முன்பே தெரிந்து வைத்திருந்தாளே என்கிற கோபம்.

"பின்ன ஏன் குடிச்ச? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தண்ணியில குடுத்திருப்பேன்ல? அடிச்சாவது குடுத்திருப்பேன்ல?"

அவள் வாயில் ஊறிய எச்சிலை மெதுவாக விழுங்கினாள். அதற்கே அவளுக்கு வலித்தது.

"முத நாளு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க கிளாஸோட வந்து நின்னீங்க. ஸ்டூல எடுத்துப் போட்டீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல எனக்குன்னு நீங்க போட்ட டீ அதுதாங்க. அத வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்?"

மாஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"ஒரு டீ என்ன பண்ணிடப் போகுதுன்னுதான் நெனச்சேன். நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். சொன்னா நீங்க தண்ணியக் குடுத்துட்டு உங்க வேலையப் பாக்கப் போயிடுவீங்க. எனக்கு அந்த டீ வேண்டியிருந்துச்சு."

அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். டாக்டரம்மா கொடுத்த பதிலை எங்கே இறக்கி வைப்பது என்று தவித்தவருக்கு இப்போது இடம் தெரிந்துவிட்டது. தப்பு, மாத்திரையோடு கொடுத்த டீயில் இல்லை. அதற்கு முன்னால் கொடுக்காமல் விட்ட டீக்களில் இருந்தது. தினம் ஒரு கிளாஸ் என்று அவளுக்கும் போட்டுக் கொடுத்திருந்தால், இந்த ஒரு கிளாஸை அவள் சர்வசாதாரணமாக வேண்டாம் என்று தள்ளியிருப்பாள். அவர் அவள் பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். அந்த வார்டில் அழுவது யாருக்கும் புதிதில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் பச்சை உடுப்பு மாட்டி அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மகள் ஒரு பக்கம், மாஸ்டர் ஒரு பக்கம். வராந்தா நெடுகிலும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது, பாய்லர் அடியில் கரி பிடித்திருக்கிறது, கறுப்பு வந்தால் பழைய பாக்கியைக் கேட்காதீங்க பாவம் என்று. மகள், "பேசாதம்மா, வலிக்கும்" என்றாள். அவள் நிறுத்தவில்லை. மாஸ்டர் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டு நடந்தார். இந்த ஏற்ற இறக்கம், இந்தக் குழைவு, வார்த்தை முடிகிற இடத்தில் வருகிற அந்தச் சின்ன இழுப்பு, எதையும் விட்டுவிடக் கூடாது என்று கேட்டார்.

தியேட்டர் வாசலில் வண்டி நின்றது. அவள் அவரைக் கிட்டே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் குனிந்தார். ஏதோ சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை, ஒரே ஒரு வாக்கியம். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். கதவு திறந்து, வண்டி உள்ளே போய், கதவு மூடிக்கொண்டது.

"அம்மா என்னப்பா சொல்லுச்சு?" என்று மகள் கேட்டாள்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். குரல் அப்படியே காதில் இருந்தது. அவள் சொன்ன வார்த்தை மட்டும் காதில் நிற்கவில்லை. குரலைப் பிடித்து வைக்கிற மும்முரத்தில் வார்த்தையை அவர் கேட்கவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். கழுத்துக் கட்டும் மூக்குக் குழாயும் போய், அவள் முதல்முதலாக வாயைத் திறந்து ஒலி எழுப்பப் பல நாள் ஆனது. அவளுக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்கிற பெண், யாரிடமாவது எதையாவது சொல்லிப் பாருங்கள் என்றாள். மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உள்ள போறப்ப எங்கிட்ட ஒண்ணு சொன்னியே. எனக்குக் காதுல சரியா விழல. என்னது அது?"

அவள் சொன்னாள். ஈரமான, உருவமில்லாத ஒலிகள் வந்தன. அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். நிதானமாக, ஒவ்வொன்றாக, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள். அவர் முகத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார்.

"எழுதிக் காட்டும்மா" என்று மகள் பேனாவை நீட்டினாள்.

அவள் பேனாவைத் தள்ளிவிட்டாள். எழுதிக் காட்டுகிற மாதிரியான விஷயம் இல்லை போலிருக்கிறது. மறுபடியும் புருஷனைப் பார்த்து அதையே சொன்னாள்.

"ம்ம், புரிஞ்சுது" என்றார் மாஸ்டர்.

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். அவருக்குப் புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும், புரிந்துவிட்டதே என்று சந்தோஷப்படுகிறவளைப் போலத் தலையை ஆட்டினாள்.